திருட்டு லிஸ்ட்ல பேரு இருந்தா நாம திருடங்கனு அர்த்தமா?

அக்கா பையன் லா காலேஜ்ல மூணாவது வருஷம். போன வாரம் வீட்டுக்கு வந்தவன் சாப்பிட்டுட்டே கேட்டான். "மாமா, வருஷா வருஷம் ஏப்ரல் கடைசில அமெரிக்கா ஒரு லிஸ்ட் விடுதே, பேட்டன்ட் காப்பிரைட்லாம் ஒழுங்கா காப்பாத்தாத நாடுங்கனு, அதுல நம்ம பேரு தப்பாம வருதே, நிஜமாவே நாம திருடறோமா? இத வெச்சு நம்ம மேல வரி போட முடியுமா? போட்டா எங்க போய் கேக்கறது?" அப்பளம் நமுத்துப் போற வரைக்கும் பேசினேன், 1991-ஐயே தாண்டல. மீதிய வாய்ஸ் நோட்ல அனுப்பறேன்னேன், அதுவும் ஒப்பேறல. சரி எழுதியே போட்டுடறேன், வேற யாருக்காச்சும் உபயோகப்படட்டும். நான் கிண்டில பேட்டன்ட் ஆபீஸ சுத்தி இருவது வருஷத்துக்கு மேல குப்பை கொட்டிட்டு இருக்கேன், அதனால மருந்து பக்கம் கொஞ்சம் அதிகமா பேசுவேன், பொறுத்துக்கோங்க.

சுருக்கமா சொல்லணும்னா திருடல. வரி போட முடியும், போட்டும் இருக்காங்க. சட்டப்படி அது தப்பு, ஆனா அந்த தப்ப கடைசி வரைக்கும் விசாரிச்சு தீர்ப்பு சொல்ற இடம் 2019 டிசம்பர்ல இருந்து பூட்டிக் கிடக்கு.

மொதல்ல அந்த லிஸ்ட் என்னனு பாப்போம். அதுக்கு பேரு ஸ்பெஷல் 301. அமெரிக்காவோட 1974 வர்த்தக சட்டத்துல 1988-ல சேத்த ஒரு பிரிவு, யூஎஸ்டிஆர்னு அவங்க வர்த்தக பிரதிநிதி ஆபீஸ் வருஷா வருஷம் உலகத்துல எந்தெந்த நாடு நம்ம கம்பெனிங்களோட பேட்டன்ட், காப்பிரைட், டிரேட்மார்க்க சரியா மதிக்கலனு எழுதணும். மொத லிஸ்ட் 1989-ல வந்துது. கவனிக்கணும், இது டபிள்யூடிஓ, அதாவது உலக வர்த்தக அமைப்பு, போடற லிஸ்ட் இல்ல, எந்த சர்வதேச கோர்ட்டும் பாத்து சொன்னது இல்ல. அளவுகோலும் அவங்களுது, புகார் குடுக்கறதும் அவங்க கம்பெனிங்க, தீர்ப்பு எழுதறதும் அவங்க ஆபீஸ். அக்ரிமென்ட்ல என்ன இருக்குனு ஹவுஸ் ஓனர் பாக்கறதில்ல இல்லையா, "என் வீட்ல இதெல்லாம் எனக்கு பிடிக்காது"னு ஒரு பேப்பர்ல எழுதி கேட்ல ஒட்டிட்டு போயிடுவாரே, அந்த மாதிரி. 2025 லிஸ்ட்ல மேல் வரிசைல, அதாவது பிரையாரிட்டி வாட்ச் லிஸ்ட்ல, 8 நாடு, நம்மளோட சேத்து சீனா, ரஷ்யா, இந்தோனேசியா, அர்ஜென்டினா, சிலி, மெக்சிகோ, வெனிசுலா.

இதுல ஒரு தமாஷ். இலக்கிய படைப்புங்கள காப்பாத்தறதுக்கான பெர்ன் ஒப்பந்தம் 1886-ல வந்துது. அமெரிக்கா அதுல எப்ப சேந்துதுனு நெனைக்கறீங்க? 1989 மார்ச் 1. அதாவது 103 வருஷம் வெளிய நின்னுட்டு, உள்ள வந்த அதே வருஷம் அடுத்தவங்கள திருடங்கனு லிஸ்ட் போட ஆரம்பிச்சாங்க. 1891 வரைக்கும் வெளிநாட்டு எழுத்தாளனோட புக்குக்கு அமெரிக்காவுல காப்பிரைட்டே கிடையாது, லண்டன்ல வந்த நாவல நியூயார்க்ல பைசா குடுக்காம அச்சடிச்சு வித்தாங்க. அப்ப அவங்க வளர்ற நாடு. நெதர்லாந்து 1869-ல பேட்டன்ட் சட்டத்தையே தூக்கி கடாசிட்டு 1912 வரைக்கும் இல்லாமலே ஓட்டுச்சு. மருந்து பொருளுக்கு பேட்டன்ட் ஜெர்மனில 1968-லதான், சுவிட்சர்லாந்துல 1977-ல, இத்தாலில 1978-ல. எல்லாரும் மேல ஏறின அப்புறம் ஏணிய எடுத்துட்டாங்கனு ஒரு பொருளாதார வாதமே இருக்கு, எனக்கு அதுல பெருசா மறுக்கறதுக்கு ஒண்ணும் தெரியல.

நம்ம கதைக்கு வரேன். மெட்ராஸ் ஹைகோர்ட் ஜட்ஜா இருந்து அப்புறம் சுப்ரீம் கோர்ட் போன என்.ராஜகோபால அய்யங்கார், 1959-ல பேட்டன்ட் சட்டம் பத்தி ஒரு ரிப்போர்ட் குடுத்தாரு. இந்தியாவுல இருக்கற பேட்டன்ட்ல பெரும்பாலானது வெளிநாட்டுக்காரங்களுது, அதுலயும் பெரும்பாலானத இங்க தயாரிக்கறதே இல்ல, சும்மா இறக்குமதிய பிடிச்சு வெச்சுக்கதான் பேட்டன்ட் எடுக்கறாங்கனு கணக்கோட எழுதினாரு. அதுல இருந்து பொறந்ததுதான் 1970 சட்டம். மருந்துக்கும் சாப்பாட்டு சாமானுக்கும் பொருள் மேல பேட்டன்ட் கிடையாது, செய்யற வழி மேல மட்டும்தான். ரசம் யாருக்கும் சொந்தம் இல்ல, உங்க வீட்டு ரசப்பொடி பக்குவம் மட்டும் உங்களுது, நான் வேற வழில வெச்சேன்னா நீங்க கேக்க முடியாது, அவ்ளோதான் விஷயம். ஐதராபாத்லயும் பம்பாய்லயும் மருந்து கம்பெனிங்க எழுந்து நின்னது இந்த ஒரு வரில. அமெரிக்க கம்பெனிங்க இத திருட்டுனு சொன்னாங்க, ஆனா நம்ம நாட்டு சட்டப்படியோ அன்னிக்கு இருந்த உலக ஒப்பந்தப்படியோ இது எந்த தப்பும் இல்ல. வேற நாட்டு சட்டத்துல இருக்கற உரிமைய நீ உன் நாட்டுல மதிக்கலனு சொல்றதுக்கு பேரு திருட்டு இல்லீங்க, கருத்து வேறுபாடு.

1991-ல இந்தியா, சீனா, தாய்லாந்து மூணையும் லிஸ்ட்டோட உச்சில வெச்சாங்க, பிரையாரிட்டி ஃபாரின் கன்ட்ரினு. 1992 ஏப்ரல்ல அடி விழுந்துது. ஜிஎஸ்பினு ஒரு சலுகை, வளர்ற நாட்டு சரக்க வரி இல்லாம உள்ள விடறது, அதுல நம்ம மருந்து, கெமிக்கல் ஏற்றுமதிக்கு 6 கோடி டாலர் அளவுக்கு நிறுத்திட்டாங்க. அன்னிக்கு நம்ம கஜானா இருந்த நிலைமைல அது சின்ன அடி இல்ல.

ஆனா அமெரிக்காவுக்கும் தெரியும், ஒவ்வொரு நாட்டையா மெரட்டிட்டு இருந்தா வேலைக்காகாது. அதுவரைக்கும் அறிவுசார் சொத்து விஷயம் எல்லாம் ஜெனீவாவுல வைப்போனு ஒரு அமைப்பு கையில இருந்துது, பல்லு புடுங்கின பாம்பு, மதிக்காட்டி ஒண்ணும் பண்ண முடியாது. அத தூக்கிட்டு வந்து வர்த்தக பேச்சுவார்த்தைக்குள்ள நுழைச்சாங்க. அதுதான் ட்ரிப்ஸ் ஒப்பந்தம், 1995 ஜனவரி 1-ல டபிள்யூடிஓவோட சேந்தே அமலுக்கு வந்துது. ஏன் வர்த்தகத்துக்குள்ள? அப்பதான் ஒண்ண குடுத்து இன்னொண்ண வாங்க முடியும். நீ மருந்துக்கு 20 வருஷ பேட்டன்ட் குடு, நான் உன் துணிக்கு வெச்சிருக்கற கோட்டாவ எடுக்கறேன். துணி கோட்டா முழுசா போன தேதியும் 2005 ஜனவரி 1, இந்தியா மருந்து பொருளுக்கு பேட்டன்ட் குடுத்தே ஆகணும்னு இருந்த தேதியும் 2005 ஜனவரி 1. திருப்பூர் பனியனுக்கும் ரத்தப் புற்றுநோய் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்னு யாராச்சும் கேட்டா இந்த தேதிய சொல்லுங்க.

இப்ப நாம தோத்த கேஸ் ஒண்ணு. 2005 வரைக்கும் பேட்டன்ட் குடுக்க வேணாம், ஆனா 1995-ல இருந்தே அப்ளிகேஷன வாங்கி தேதி போட்டு ஒரு பெட்டில வெச்சிருக்கணும், மெயில்பாக்ஸ்னு பேரு. அதுக்கு சட்டம் வேணும். 1994 டிசம்பர் 31-ல அவசர சட்டம் போட்டாங்க, 1995 மார்ச்ல காலாவதியாச்சு, மசோதா ராஜ்யசபாவுல மாட்டிக்கிச்சு, அப்புறம் லோக்சபாவே கலைஞ்சுடுச்சு. நம்ம ஊர் வழக்கப்படி "பரவால்ல, ஆபீஸ்ல சொல்லி வாங்கி வெக்க சொல்லிட்டோம்"னு சமாளிச்சோம். அமெரிக்கா 1996-ல டபிள்யூடிஓ போச்சு. அங்க கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான், என் தொழில்ல நானே கேட்டிருப்பேன்: உங்க 1970 சட்டம் இந்த மாதிரி அப்ளிகேஷன நிராகரிக்கணும்னு சொல்லுது, ஆபீசருக்கு போட்ட வாய்மொழி உத்தரவு அத தாண்டி நிக்குமா, நாளைக்கு எவனாச்சும் கோர்ட்டுக்கு போனா? பதில் இல்ல. 1997 டிசம்பர் 19, அப்பீல்லயும் தோத்தோம். 1999-ல சட்டத்த திருத்தினோம். டபிள்யூடிஓவுல ட்ரிப்ஸ் சம்பந்தமா தீர்ப்பு வரைக்கும் போன மொத கேஸே இதுதான், அதுல எதிராளி நாம.

அந்த பெட்டி நிஜமான பெட்டி மாதிரிதான். நான் வேலைக்கு சேந்த புதுசுல சீனியர் ஒருத்தர் கைல ஃபைல் நம்பருங்க எழுதின பழைய டைரி ஒண்ணு இருக்கும். சென்னை ஆபீஸ்ல போட்டதுக்கு எல்லாம் நடுவுல மூணு எழுத்து வரும், எம்ஏஎஸ், மெட்ராஸ்னு அர்த்தம். ஊர் பேரு 1996-லயே மாறிடுச்சு, நம்பர்ல மாறல. அதுல ஒண்ணுதான் 1602/எம்ஏஎஸ்/1998. சுவிஸ் கம்பெனி நோவார்டிஸ் 1998 ஜூலைல போட்டது, இமாட்டினிப் மெசிலேட்டோட பீட்டா படிக வடிவம். கடைல அதுக்கு பேரு கிளிவெக். சிஎம்எல்னு ஒரு வகை ரத்தப் புற்றுநோய், அதுவரைக்கும் வந்தா கணக்கு முடிஞ்சுதுனு இருந்த நோய், தினம் ஒரு மாத்திரைல கட்டுக்குள்ள வந்துது. மருந்து அற்புதமான மருந்து, அதுல ரெண்டு கருத்து இல்ல. மாசத்துக்கு சுமார் 1,20,000 ரூபாய். நம்ம கம்பெனிங்க தயாரிச்சது 8,000-ல இருந்து 10,000 ரூபாய்.

2003-ல நோவார்டிசுக்கு பெட்டி திறக்கறதுக்கு முன்னாடியே தனி விற்பனை உரிமை கெடைச்சுது (அதுவும் ட்ரிப்ஸ்ல இருக்கு, பெட்டில இருக்கற காலத்துக்கு ஆறுதல் பரிசு மாதிரி), 2004-ல மெட்ராஸ் ஹைகோர்ட் சில கம்பெனிங்களுக்கு தடையும் போட்டுது, பம்பாய் ஹைகோர்ட் போட மாட்டேன்னுடுச்சு. ஒரே மருந்து, ஒரே நாடு, ரெண்டு கோர்ட், ரெண்டு பதில்.

அப்புறம் 2005-ல சட்டம் மாறும்போது பார்லிமென்ட்ல ஒரு வரிய சேத்தாங்க, 3(டி). ஏற்கனவே தெரிஞ்ச பொருளோட புது வடிவம் கண்டுபிடிப்பு ஆகாது, அதோட செயல்திறன் கணிசமா கூடியிருந்தா ஒழிய. கம்பெனிங்க 20 வருஷம் முடியற நேரத்துல உப்ப மாத்தி, படிகத்த மாத்தி, இன்னொரு 20 வருஷம் வாங்கறத நிறுத்தறதுக்காக. 2006 ஜனவரி 25, குடியரசு தினத்துக்கு மொத நாள், சென்னை பேட்டன்ட் ஆபீஸ் 1602-ஐ நிராகரிச்சுது. அன்னிக்கு சாயந்திரம் டீக்கடைல எங்க ஆளுங்களுக்குள்ள நடந்த சண்டை இன்னும் ஞாபகம் இருக்கு, பாதி பேரு "இது நிக்காது, டபிள்யூடிஓவுல நாறடிச்சுடுவாங்க"னாங்க. நானும் அந்த பாதிலதான் இருந்தேன். தப்பா கணிச்சேன்.

நோவார்டிஸ் மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு போய் 3(டி)யே செல்லாதுனு கேட்டுது, ட்ரிப்சுக்கு விரோதம், அரசியல் சாசனத்துக்கும் விரோதம்னு. 2007 ஆகஸ்ட் 6-ல ஜஸ்டிஸ் ஆர்.பாலசுப்பிரமணியன், ஜஸ்டிஸ் பிரபா ஸ்ரீதேவன் பெஞ்ச் சொன்னத நான் சட்டம் படிக்கற பசங்களுக்கு அடிக்கடி சொல்வேன்: சாசன விரோதம் இல்ல, ட்ரிப்சுக்கு விரோதமானு நாங்க பாக்க முடியாது, அது நாடுங்களுக்குள்ள போட்டுக்கிட்ட ஒப்பந்தம், சண்டை தீக்கறதுக்கு அதுலயே வழி இருக்கு, அங்க போங்க. அதாவது சுவிட்சர்லாந்து கவர்மென்ட் டபிள்யூடிஓவுல இந்தியா மேல கேஸ் போடணும். போடல. அன்னிக்கும் போடல, 2013 ஏப்ரல் 1-ல சுப்ரீம் கோர்ட்லயும் நோவார்டிஸ் தோத்த அப்புறமும் போடல. வருஷா வருஷம் 301 ரிப்போர்ட்ல 3(டி)ய திட்டற அமெரிக்காவும் இன்னிக்கு வரைக்கும் போடல.

ஏன் போடலங்கறதுதான் இந்த மொத்த பதிலோட குடுமி. ட்ரிப்ஸ்ல 27-வது பிரிவு, புதுசா இருக்கணும், கண்டுபிடிப்பு நிலை இருக்கணும், தொழிலுக்கு ஒதவணும், அப்படி இருந்தா பேட்டன்ட் குடுனு சொல்லுது. ஆனா "கண்டுபிடிப்பு"னா என்னங்கறத எங்கயும் வரையறுக்கல. ஒவ்வொரு நாடும் எந்த முறைல அமல் பண்ணணும்ங்கறத அதுவே முடிவு பண்ணிக்கலாம்னு மொத பிரிவே சொல்லுது. அப்ப 3(டி) அந்த சந்துல அழகா உக்காந்திருக்கு. கேஸ் போட்டு அவங்க ஜெயிச்சா சரி, தோத்தா? டபிள்யூடிஓவே முத்திரை குத்தி குடுத்த மாதிரி ஆயிடும், 160 சொச்சம் நாடும் அடுத்த நாளே காப்பி அடிக்கும். பிலிப்பைன்ஸ் 2008-லயே அடிச்சாச்சு. அதனால கோர்ட்டுக்கு போகாம லிஸ்ட்ல வெச்சு திட்டறது அவங்களுக்கு லாபம். தைரியமா ஜெயிக்க முடியும்னு தெரிஞ்ச மெயில்பாக்ஸ் கேஸுக்கு ஒரே வருஷத்துல ஓடினாங்க, இதுக்கு இத்தன வருஷமா ஓடல. லிஸ்ட்ல ஒரு விஷயம் இருக்கு, கேஸ் இல்லனா, அங்க சட்டம் அவங்க பக்கம் உறுதியா இல்லனு நான் எடுத்துப்பேன்.

என் பெரியப்பாவுக்கு சிஎம்எல் வந்தது 2008-ல. வில்லிவாக்கத்துல இருந்தாரு, ரிட்டயர்டு ஆளு. காலைல ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு, சொம்பு நிறைய தண்ணி வெச்சுக்கிட்டு, 400 மில்லிகிராம் மாத்திரை ஒண்ணு. வெறும் வயித்துல போட்டா கொமட்டும், அதனால இட்லி முடியற வரைக்கும் ஸ்ட்ரிப்ப பிரிக்கவே மாட்டாரு, காலண்டர்ல அன்னிக்கு தேதிய பேனாவுல வட்டம் போட்டுட்டுதான் பிரிப்பாரு. நம்ம ஊர் கம்பெனி மாத்திரை. ஒரு நாள் பேப்பர்ல கேஸ் நியூஸ் பாத்துட்டு கேட்டாரு, "ஏன்டா, வெள்ளக்காரன் ஜெயிச்சுட்டா என் மாத்திரை நின்னுடுமா?" நிக்காது பெரியப்பா, 11ஏ பிரிவுல ஒரு துணைவரி இருக்கு, பெட்டில கெடந்த அப்ளிகேஷனுக்கு பேட்டன்ட் கெடைச்சாலும் 2005-க்கு முன்னாடியே தயாரிச்சிட்டிருந்தவங்கள நிறுத்த முடியாது, நியாயமான ராயல்டி குடுத்துட்டு தயாரிக்கலாம், வெல வேணா ஏறும்னேன். "எவ்ளோ ஏறும்?" அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, நியாயம்ங்கற வார்த்தைக்கு அந்த சட்டத்துல நம்பர் போடல. நோவார்டிஸ் தரப்புல, நிறைய இந்திய நோயாளிங்களுக்கு இலவசமா குடுத்தோம்னு சொல்வாங்க, குடுத்தாங்க, அதையும் சொல்லிடணும். ஆனா தானத்துக்கும் கடைல வாங்கற விலைக்கும் வித்தியாசம் இருக்கு.

நெக்சாவர் கேஸ் தெரிஞ்சிருக்கும், சுருக்கமா போறேன். ஜெர்மன் கம்பெனி பேயரோட கிட்னி, கல்லீரல் கேன்சர் மருந்து, மாசம் 2,80,000 ரூபாய். 2012 மார்ச் 9-ல நம்ம கவர்மென்ட் நாட்கோங்கற நம்ம ஊர் கம்பெனிக்கு கட்டாய உரிமம், அதாவது பேட்டன்ட்காரன் சம்மதம் இல்லாமலே தயாரிக்கற அனுமதி, குடுத்துது, 8,880 ரூபாய்க்கு மேல விக்கக்கூடாது, பேயருக்கு 6 சதவீத ராயல்டி. பேட்டன்ட் ஆபீஸ் முடிவு மேல அப்பீல் கேக்கறதுக்குனு தேனாம்பேட்டைல இருந்த ஐபிஏபி ட்ரிப்யூனல், அப்ப தலைவரா இருந்தது அதே பிரபா ஸ்ரீதேவன், 7 சதவீதமா ஏத்தி உரிமத்த உறுதி பண்ணுச்சு. ட்ரிப்ஸ் 31-வது பிரிவு இத அனுமதிக்குது, மருந்து விஷயத்துக்குனு டபிள்யூடிஓ நாடுங்க 2001-ல வெளியிட்ட தோஹா அறிவிப்பு இன்னும் தெளிவா அனுமதிக்குது. இதுக்கும் கூச்சல் வந்துது, கேஸ் வரல.

சரி, அமெரிக்கா தோத்த கேஸ் எதுவுமே இல்லையானு பையன் கேப்பான். இருக்குப்பா, ருசியான கேஸ். அமெரிக்க காப்பிரைட் சட்டத்துல 110(5)னு ஒரு பிரிவு, ஒரு அளவுக்கு கீழ இருக்கற ஓட்டலும் பாரும் கடையும் ரேடியோவுலயோ டிவிலயோ பாட்டு போட்டா பாட்டுக்காரனுக்கு காசு குடுக்க வேணாம். அயர்லாந்து இசைக்காரங்க கொந்தளிச்சு, ஐரோப்பா கேஸ் போட்டு, 2000-ல அமெரிக்கா தோத்துது. சட்டத்த மாத்துச்சா? மூணு வருஷத்துக்குனு 33 லட்சம் டாலர் ஐரோப்பாவுக்கு குடுத்துச்சு, சட்டம் அப்படியேதான் இருக்கு. ஹவானா கிளப்னு கியூபா ரம் பிராண்ட் கேஸ், 2002-ல தோத்தாங்க, வருஷக் கணக்கா ஜெனீவா கூட்டத்துல "எங்க நாடாளுமன்றத்துல பேசிட்டு இருக்கோம்"னே சொல்லிட்டு இருந்தாங்க. நாம 1995-ல சொன்ன சாக்கு மாதிரியே இல்ல?

இன்னொண்ணு எனக்கு ரொம்ப பிடிச்சது. ஆன்டிகுவானு கரீபியன் கடல்ல ஒரு பொடி நாடு, மொத்த ஜனத்தொகை நம்ம அம்பத்தூர விட கம்மி. ஆன்லைன் சூதாட்டத்துக்கு அமெரிக்கா தடை போட்டதுல கேஸ் போட்டு ஜெயிச்சுது. ஜெயிச்சா பதிலுக்கு வரி போட்டு வசூல் பண்ணிக்கலாம், ஆனா ஆன்டிகுவா அமெரிக்க சரக்குக்கு வரி போட்டா ஆன்டிகுவாக்காரன்தான் வெல ஏறி அவதிப்படுவான், அமெரிக்காவுக்கு கொசு கடிச்ச மாதிரி கூட இருக்காது. அதனால 2007 டிசம்பர்ல டபிள்யூடிஓ சொன்னது, வருஷத்துக்கு 2 கோடியே 10 லட்சம் டாலர் அளவுக்கு அமெரிக்காவோட காப்பிரைட், பேட்டன்ட மதிக்காம இருந்துக்கோ. ஆமா, நீங்க சரியாத்தான் படிச்சீங்க, அனுமதி வாங்கின காப்பி. ஈக்வடாருக்கு 2000-லயே வாழைப்பழ கேஸ்ல ஐரோப்பாவுக்கு எதிரா இதே அனுமதி கெடைச்சுது. பிரேசில் அமெரிக்கா மேல போட்ட பருத்தி கேஸ்ல ஜெயிச்சுட்டு, மருந்து பேட்டன்ட்ல கை வெப்பேன்னு அதிகாரபூர்வமா நோட்டீஸ் விட்டுது, அமெரிக்கா வருஷம் 14 கோடியே 73 லட்சம் டாலர் தரேன்னு ஓடி வந்து சமாதானம் பேசுச்சு. ட்ரிப்ஸ வர்த்தகத்தோட முடிச்சு போட்டது அவங்கதான், அந்த கயிறு ரெண்டு பக்கமும் இழுக்கும்.

நாமளே புகார் குடுத்ததும் உண்டு. 2008 கடைசில இந்தியாவுல இருந்து பிரேசிலுக்கு போன லோசார்ட்டன், பிபி மருந்து, நெதர்லாந்துல விமானம் மாறும்போது பிடிச்சு வெச்சாங்க, அங்க பேட்டன்ட் இருக்குனு. இந்தியாவுல பேட்டன்ட் இல்ல, பிரேசில்ல இல்ல, நடுவுல பஸ் ஸ்டாண்ட்ல நின்னதுக்கு புடிச்ச கதை. 2010-ல இந்தியாவும் பிரேசிலும் டபிள்யூடிஓ போனாங்க, 2011-ல ஐரோப்பா எறங்கி வந்து, சும்மா கடந்து போற மருந்த பிடிக்க மாட்டோம்னு ஒத்துக்கிச்சு.

இப்ப பையனோட ரெண்டாவது கேள்வி, வரி. உலகத்துலயே பெரிய உதாரணம் சீனா. 2017 ஆகஸ்ட்ல அமெரிக்கா 301 விசாரணை (இது வருஷாந்திர ஸ்பெஷல் 301 லிஸ்ட் இல்ல, அதே சட்டத்துல வரி போட அதிகாரம் குடுக்கற பிரிவு) ஆரம்பிச்சுது, குற்றச்சாட்டு என்னன்னா, உள்ள வர கம்பெனிய கூட்டு சேர வெச்சு தொழில்நுட்பத்த கறக்கறாங்க, ஹேக் பண்றாங்க, கம்பெனிய விலைக்கு வாங்கி அள்ளிட்டு போறாங்க. குற்றச்சாட்டுல உண்மையே இல்லனு நான் சொல்ல மாட்டேன், சீனாவோட லைசென்ஸ் விதிங்க வெளிநாட்டுக்காரனுக்கு பாதகமாதான் இருந்துது, 2019-ல அவங்களே அத நீக்கினாங்க. ஆனா அமெரிக்கா தீர்ப்புக்கு காத்திருக்கல, 2018 ஜூலை 6-ல 3,400 கோடி டாலர் சரக்குக்கு 25 சதவீத வரிய போட்டு ஆரம்பிச்சு ஏத்திட்டே போச்சு. 2020 செப்டம்பர்ல டபிள்யூடிஓ குழு இந்த வரி விதிமீறல்னு சொல்லிடுச்சு. அமெரிக்கா என்ன பண்ணுச்சு? அப்பீல் போட்டுது. அப்பீல் பெஞ்ச்ல விசாரிக்க போதுமான ஜட்ஜே கிடையாது, ஏன்னா புது ஜட்ஜ நியமிக்க விடாம பல வருஷமா தடுத்து 2019 டிசம்பர்ல அத மூட வெச்சதே அமெரிக்காதான். பூட்டின கோர்ட் வாசல்ல மனுவ சொருகிட்டு, "கேஸ் நடக்குது"னு சொல்ற மாதிரி. அந்த மனு இன்னும் அங்கயேதான் சொருகிக் கெடக்கு.

இந்த ஓட்டைய அடைக்க ஐரோப்பா, சீனா இன்னும் சில நாடுங்க தங்களுக்குள்ள ஒரு மாற்று அப்பீல் ஏற்பாடு வெச்சிருக்காங்க. அதுல வந்ததுதான் செல்ஃபோன் பேட்டன்ட் சண்டை. 4ஜி 5ஜி வேலை செய்ய தேவையான பேட்டன்ட்டுக்கு ராயல்டி எவ்ளோனு யார் முடிவு பண்றது? 2020-ல சீன கோர்ட்டுங்க, வேற எந்த நாட்டு கோர்ட்டுக்கும் போகக்கூடாது, போனா நாளுக்கு 10 லட்சம் யுவான் அபராதம்னு உத்தரவு போட ஆரம்பிச்சுது. அதுல ஒண்ணு வூஹான் கோர்ட்ல இருந்து வந்து டெல்லி ஹைகோர்ட்ல சீன ஃபோன் கம்பெனி ஷாவ்மிக்கும் அமெரிக்க பேட்டன்ட் கம்பெனி இன்டர்டிஜிட்டலுக்கும் நடந்துட்டிருந்த கேஸ்லயே கை வெச்சுது, டெல்லி ஹைகோர்ட் அந்த உத்தரவுக்கே தடை போட்டு பதில் குடுத்துச்சு. ஐரோப்பா டபிள்யூடிஓவுல போட்ட கேஸ்ல 2025 ஜூலைல ஐரோப்பா பக்கம் முடிவாச்சு. ஸ்ரீபெரும்புதூர்லயும் ஒரகடத்துலயும் ஃபோன் செய்யற ஒவ்வொரு லைனும் இந்த ராயல்டி கணக்கு மேலதான் ஓடுது, ஆனா இதப்பத்தி நம்ம ஊர்ல யாரும் பேசறதில்ல. மருந்து மாதிரி இதுல ஒரு பெரியப்பா இல்ல பாருங்க.

கள்ள சிடி, போலி பிராண்ட் விஷயத்துல மட்டும் நாம உத்தமருங்க மாதிரி நடிக்கறது எனக்கு பிடிக்காது. பர்மா பஜார்ல படம் ரிலீசான சாயந்திரமே பை நிறைய வாங்கின தலைமுறை நம்மளுது, தமிழ்நாடு 2004-ல திருட்டு வீடியோக்காரங்கள குண்டர் சட்டத்துக்குள்ளயே கொண்டு வந்துது, அதுவும் அமெரிக்கா கேட்டதுக்காக இல்ல, கோடம்பாக்கம் அழுததுக்காக. அது நிஜமான திருட்டு, 301 ரிப்போர்ட்ல அதுவும் வருது, அந்த பக்கத்த நான் மறுக்க மாட்டேன். ஆனா அந்த திருட்டையும் 3(டி)யையும் ஒரே மூட்டைல கட்டறதுதான் அந்த ரிப்போர்ட்டோட சாமர்த்தியம், படிக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணா தெரியும். 2025 ஜூலைல பிரேசில் மேல ஆரம்பிச்ச 301 விசாரணைல சாவ் பாவ்லோவோட 25 டி மார்சோ தெருவ, நம்ம பர்மா பஜார் மாதிரி ஒரு மார்க்கெட் தெரு, பேரோட எழுதியிருக்காங்க. ஒரு தெருக் கடைய காரணமா காட்டி ஒரு நாட்டு மேலயே வரி போடற அளவுக்கு போகலாம், அதுக்கு அவங்க சட்டத்துல இடம் இருக்கு, டபிள்யூடிஓ சட்டத்துல இல்ல.

மூணாவது கேள்வி, எங்க போய் கேக்கறது. நேர்மையா சொன்னா இப்போதைக்கு பேச்சுவார்த்தை மேசைலதான், அதனாலதான் இப்ப ஆட்டம் மொத்தமும் ரெண்டு நாட்டு ஒப்பந்தத்துக்கு மாறிடுச்சு. டபிள்யூடிஓவுல கெடைக்காதத அங்க கேக்கறாங்க. முக்கியமா டேட்டா எக்ஸ்க்ளூசிவிட்டி, அதாவது மொத கம்பெனி நோயாளிங்க கிட்ட சோதிச்சு குடுத்த தகவல நம்பி இன்னொரு கம்பெனிக்கு சில வருஷம் அனுமதி குடுக்கக்கூடாதுனு. பேட்டன்ட்டே இல்லாத மருந்துக்கும் இது பேட்டன்ட் மாதிரி வேலை செய்யும், இந்தியா இதுவரைக்கும் இதுல விட்டுக்குடுக்காம தள்ளிட்டு வருது.

பிரிட்டனோட 2025 ஜூலை 24-ல கையெழுத்தான ஒப்பந்தத்துல ஒரு சின்ன விஷயம் இருக்கு, பேப்பர்ல தலைப்பா வரல. கட்டாய உரிமத்துக்கு பதிலா கம்பெனியே விரும்பி குடுக்கற உரிமம்தான் சிறந்த வழினு ஒரு வாசகம் ஒத்துக்கிட்டிருக்கோம். பேட்டன்ட இந்தியாவுல உபயோகப்படுத்தறியானு காட்டற ஃபார்ம் 27-ஐ எத்தன வருஷத்துக்கு ஒரு தடவ கேக்கலாம்ங்கறதும் அதுக்குள்ள போயிடுச்சு, மூணு வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல கேக்கக்கூடாது. 2024 மார்ச் விதில நாமளே ஏற்கனவே வருஷா வருஷம் இருந்தத மூணு வருஷமா மாத்திட்டோம், இப்ப திரும்ப வருஷமா மாத்தணும்னா பிரிட்டன் சட்டைய பிடிக்கும். முன்னல்லாம் எங்க ஆபீஸ்ல மார்ச் வந்தா ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்து ஃபார்ம் 27 ரொப்பிட்டு இருப்போம், எல்லாரும் அத ஒரு சள்ளை பிடிச்ச காகிதம்னுதான் நெனைப்பாங்க, நானும் திட்டியிருக்கேன். நெக்சாவர் கேஸ்ல பேயர் அந்த மருந்த தேவைப்பட்ட நோயாளிங்கள்ல 2 சதவீத சொச்சம் பேருக்குதான் குடுத்துதுனு கண்டுபிடிச்சது, பேயரே கையெழுத்து போட்டு குடுத்த அந்த ஃபார்ம் 27-ஐ வெச்சுதான்.